பம்புக்கும் ஒரு ஃபேன் வேண்டுமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடை. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிற தம்பி ஒருவர் சுலைமானி குடித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணா, கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டிருக்கேன். ரேடியேட்டர்ல மூணு ஃபேன் ஓடுது. ஆனா பம்பைத் தொட்டா சுடுது. அதுக்கும் தனியா ஒரு ஃபேன் வைக்கணுமா?"

கொச்சி வெக்கையில் நியாயமான கவலைதான். என்ன பம்ப் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஊரில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களை நினைத்துப் பாருங்கள். போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிளுக்கு ஃபேன் கிடையாது. சுற்றி ஓடும் தண்ணீரே சூட்டை வாங்கிக்கொள்ளும். கிணற்று மேட்டில் இருக்கும் மோனோபிளாக்குக்குப் பின்பக்கம் ஃபேன் உண்டு. அதற்குக் காற்று வேண்டும்.

கம்ப்யூட்டர் பம்புகளில் 'டி5' முதல் ரகம். லைங் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பு. சுழலும் பாகம் தண்ணீருக்குள்ளேயே ஒரு பீங்கான் குண்டின்மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. வெளியே நீளும் ஷாஃப்டும் இல்லை, சீலும் இல்லை. உராய்வைக் குறைப்பதும் தண்ணீர், சூட்டைக் கொண்டுபோவதும் தண்ணீர். முழு வேகத்தில் சுமார் 23 வாட் எடுக்கும். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடுகிற தண்ணீர் 1 டிகிரி சூடேறவே 70 வாட் தேவை. 4 லிட்டர் ஓடும்போது அந்த 23 வாட்டும் அப்படியே தண்ணீரில் இறங்கினாலும் 0.1 டிகிரிகூட ஏறாது. இதற்குத் தனி ஃபேன் வேண்டாம். பிராசசர் மேலேயே பம்ப் பொருத்தி, ரெடிமேடாக வரும் செட்டுக்கும் வேண்டாம். அந்த பம்ப் எடுப்பது சில வாட்தான்.

'டிடிசி' கதை வேறு. இதுவும் லைங் வடிவமைப்புதான். ஆனால் உருவம் சின்னது, சர்க்யூட் போர்டு அடிப்பக்கம் நெருக்கி அடைத்திருக்கும். அந்த இடத்தின் சூடு முழுவதையும் தண்ணீர் இழுத்துவிடாது. அடித்தட்டு வழியாகக் காற்றுக்குத்தான் போக வேண்டும். 18 வாட் மாடல்களில் இது நன்றாகவே சுடும். அதனால்தான் இதற்கென்றே அலுமினிய ஹீட்சிங்க் அடித்தட்டுகள் விற்கிறார்கள்.

தம்பி போனில் படம் காட்டினார். டிடிசிதான். அதிர்வுச் சத்தம் கேட்கக் கூடாதென்று தடித்த ஃபோம்மேல் ஒட்டி, எஸ்எம்பிஎஸ் பக்கத்து மூலையில் திணித்திருந்தார். சூடு வெளியேற வேண்டிய ஒரே வழியை ஃபோம் அடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது தண்ணீரின் சூடு. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் தண்ணீர் அறைச் சூட்டுக்குக் கீழே இறங்காது. அறை 32 டிகிரி என்றால், வீடியோ ரெண்டர் ஆகும்போது தண்ணீர் 42, 45 வரை போவது சகஜம். இந்த பம்புகளுக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 60 டிகிரி. தண்ணீர் 55-ஐ நெருங்கினால் பம்பைச் சந்தேகிக்கும் முன் ரேடியேட்டரில் படிந்த தூசியைப் பாருங்கள்.

ஐஸ் போட்டுக் குளிர்விக்கலாமா என்றும் கேட்டார். இந்த ஊரில் அது ஆபத்து. 30 டிகிரி சூட்டில் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே போகிற எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். டியூபில் படிந்த துளி மதர்போர்டில் சொட்டினால் எல்லாம் போயிற்று. இங்கே தண்ணீர் அறைச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே பாதுகாப்பு.

பம்பை உண்மையில் கொல்வது வறண்ட ஓட்டம். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் குளிர்ச்சியும் போய், வழவழப்பும் போய், சீக்கிரமே தேய்ந்துவிடும். ரிசர்வாயர் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். நிரப்பிய பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். காற்றுக்குமிழி முழுதும் வெளியேறும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தம்பிக்குச் சொன்னது இதுதான். ஃபோமை எடுத்துவிட்டு ஹீட்சிங்க் தட்டு மாட்டுங்கள். கேபினெட்டின் முன் ஃபேன் காற்று படும் இடத்துக்கு பம்பை நகர்த்துங்கள். பம்புக்கென்று தனி ஃபேன் வாங்க வைத்திருக்கும் காசில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் சென்சார் ஒன்று வாங்குங்கள். கை சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும்.