பழைய வீதியிலிருந்தே புதிய வீதி

தார் வீதியொன்று பழுதாகும்போது அதில் உண்மையாகக் கெட்டுப்போவது எது? கல் அல்ல. காபட் வீதியின் நிறையில் ஏறத்தாழ 95 சதவீதம் சல்லிக்கல்லும் மணலும்தான். அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் மிகுதி 5 சதவீதமே வெயிலிலும் காற்றிலும் கிடந்து இறுகி வெடிக்கிறது. தார் என்று நாம் சொல்லிப் பழகிய அதன் சரியான பெயர் பிற்றுமின். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் எஞ்சுவது.

வெடித்த வீதியின் மேல் இன்னொரு படை போடுவதே வழக்கம். கீழிருக்கும் வெடிப்பு சில காலத்தில் மேலேயும் தலைகாட்டும். வீதியும் உயர்ந்துகொண்டே போகும். எங்கள் வீட்டுக்கு முன்னால் அப்படி உயர்ந்ததால் மழைத் தண்ணீர் முற்றத்துக்குள் வருகிறது. வாப்பா வாசலில் சிறு திண்டு கட்டியிருக்கிறார். இதற்கு வேறு வழியே இல்லையா என்று தேடியபோதுதான் இந்த முறையைப் பற்றிப் படித்தேன்.

பற்கள் பொருத்திய பெரிய உருளையொன்று சுழன்று, பழைய வீதியை 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அரைக்கிறது. அந்தத் தூளோடு புதிய பிற்றுமின் சிறிதளவு கலந்து, அதே இடத்தில் பரப்பி, உருளையால் அழுத்துகிறார்கள். கல்லைச் சூடாக்குவதில்லை. குளிர்ந்த கல்லில் பிற்றுமின் எப்படி ஒட்டும்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 160 பாகைக்கு மேல் சூடான பிற்றுமினுக்குள் கொஞ்சம் தண்ணீரைச் செலுத்தினால், அது நொடியில் ஆவியாகிப் பிற்றுமினைப் பத்து மடங்கு வரை நுரைக்கச் செய்யும். நுரை அடங்குவதற்குள் கலந்துவிட வேண்டும். 1956இல் அமெரிக்காவின் அயோவாவில் பேராசிரியர் சானி நீராவியால் இதைச் செய்து காட்டினார். தண்ணீரைப் பயன்படுத்தும் எளிய முறை பின்னர் அவுஸ்திரேலியாவில் வந்தது.

பார வாகனங்களைத் தாங்குமா? 2011இல் வேர்ஜீனியா மாநிலத்தில் லொறிகள் நிறைந்த 81ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 6 கிலோமீற்றரை இப்படிப் புதுப்பித்தார்கள். அடித்தளமும் பலவீனமாயிருந்த வலப்பக்கத் தடத்தில் 30 சென்ரிமீற்றர் ஆழம்வரை பழையதையே பயன்படுத்தினார்கள். பல வருடங்கள் கழித்தும் அது நன்றாகவே இருந்தது. நம் பேச்சில் சல்லி என்றால் காசு. வீதியில் கிடக்கும் சல்லியும் காசுதான் போலும்!

ஆனால் வடிகான் சரியில்லாத வீதியை இந்த முறையும் காப்பாற்றாது. மீள்படைக்குள் தண்ணீர் இறங்கக்கூடும் என்பதால், அது காய்ந்த பின் மேலே மெல்லிய புதுப்படை ஒன்றும் வேண்டும். வீதி உயரக்கூடாத இடங்களில் முதலில் மேற்பகுதியைச் சுரண்டி அகற்றிவிட்டு, எஞ்சியதை அரைக்கிறார்கள். சுரண்டி எடுத்ததும் குப்பைக்குப் போவதில்லை, வேறொரு வீதிக்குப் போகிறது.