பள்ளி அறிந்ததை இல்லமும் அறிதல்
தொடக்கக் கல்வியில் ஓர் அமானிதம்

நம் ஊர்களில் ஒரு குழந்தை ஓதத் தொடங்கிய நாள் முதலாக, அஃது எவ்விடத்தில் நிற்கிறது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருப்பர். அலிஃப், பே முடிந்துவிட்டதா, எழுத்துக் கூட்டத் தொடங்கியாயிற்றா, எத்தனையாவது ஜுஸ்உ நடக்கிறது என்னும் வினாக்களுக்கு வீட்டிலுள்ள பெரியவர் எவரும் தயங்காமல் விடை சொல்வர். முப்பது ஜுஸ்உகளையும் ஓதி முடிக்கும் நாளில் உஸ்தாதுக்கு அன்பளிப்பும் உற்றாருக்கு இனிப்பும் வழங்கி மகிழ்கிறோம். ஆனால் அதே குழந்தை தன் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்குமா, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைப் பிழையின்றிச் செய்யுமா என்று வினவினால் அதே வீட்டார் தயங்குகின்றனர். 'நன்றாகத்தான் படிக்கிறதாம்' என்பதற்கு மேல் விடை வருவதில்லை.

இவ்வேறுபாட்டிற்கு அக்கறைக் குறைவைக் காரணமாகச் சொல்ல இயலாது. குழந்தையின் பள்ளிப் படிப்பிற்காக இக்காலப் பெற்றோர் செலவிடும் பொருளும் படும் கவலையும் சிறியவை அல்ல. வேறுபாடு கற்பிக்கும் முறையில் உள்ளது. மக்தபில் ஒவ்வொரு குழந்தையும் உஸ்தாதின் முன் தனித்து அமர்ந்து பாடத்தை ஒப்புவிக்கிறது. அப்பாடம் தேறிய பின்னரே அடுத்த பாடம் கிடைக்கிறது. ஆகவே குழந்தை நிற்கும் இடத்திற்கு ஒரு பெயர் இருக்கிறது; அப்பெயர் எளிதில் வீடு வந்து சேர்கிறது. பள்ளிக்கூடத்திலோ வகுப்பு முழுவதும் ஒன்றாக நகர்கிறது. குழந்தை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் ஆண்டிறுதியில் பாடநூல் முடிந்துவிடுகிறது.

இதனுடன் மற்றொன்றும் சேர்ந்துள்ளது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி முடியும்வரை எக்குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்று விதித்தது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மாநிலங்கள் வேறு முடிவெடுக்க இடமளித்தபோதிலும், தமிழ்நாடு எட்டாம் வகுப்புவரை அனைவருக்கும் தேர்ச்சி என்னும் நிலையிலேயே நின்றது. சிறு குழந்தையின் நெற்றியில் தோல்வி முத்திரை குத்தலாகாது என்னும் நோக்கம் உயர்ந்ததே. எனினும் அதனால் ஒரு விளைவு உண்டாயிற்று. முற்காலத்தில் 'தவறிவிட்டான்' என்பது கொடிய செய்தியாயினும் செய்தியாகவாவது வீட்டை எட்டியது. இன்று தேர்ச்சி என்பது எச்செய்தியையும் சுமந்து வருவதில்லை. ஆகவே அச்செய்தியை வேறு வழியில் வீட்டிற்குச் சேர்ப்பது பள்ளியின் கடமையாகவும், அதனைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் கடமையாகவும் ஆகிவிட்டது.

கைரவானிலிருந்து ஒரு விதி

இக்கடமை மேலைநாட்டுக் கல்வியியலிலிருந்து நாம் இரவல் பெற்றதன்று. இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலிக்கீ சட்ட அறிஞர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) ஹிஜ்ரி 256-இல், அதாவது கி.பி. 870-இல் மறைந்தார். தம் தந்தையார் இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அளித்த தீர்ப்புகளைப் பெரிதும் தழுவி அவர் தொகுத்த 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்னும் சிறுநூல், இஸ்லாமியக் கல்வியியலில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகும். ஆசிரியரின் ஊதியம், விடுமுறை, தண்டனையின் எல்லை ஆகிய நடைமுறைச் சிக்கல்களை அந்நூல் ஆராய்கிறது.

அங்கே எழும் வினாக்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்வது. வராத பிள்ளைகளைத் தேடிவர ஆசிரியர் மற்றப் பிள்ளைகளை அனுப்பலாமா என்பதே அவ்வினா. பொறுப்பாளர்கள் இசைந்தாலன்றி, அல்லது இடம் அருகிலிருந்து பிள்ளையின் படிப்புக் கெடாது என்றாலன்றி, அவ்வாறு அனுப்புதல் ஆகாது என்பது விடை. அத்துடன் விடை முடியவில்லை. ஆசிரியர் தாமே பிள்ளைகளின் வருகையைக் கவனித்து, வராதவர்களைப் பற்றி அவர்தம் பொறுப்பாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே 'பெற்றோருக்குத் தெரிவித்தல்' என்பது ஆசிரியரின் விருப்பத்திற்கு விடப்படாமல், அவர் ஏற்ற பொறுப்பின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டிருக்கிறது.

இதன் அடிப்படை எளியது. மேய்ப்பர் உவமை அமைந்த நபிமொழியை அறியாதார் நம்முள் இலர். அதில் தந்தையும் தாயும் தனித்தனியே பொறுப்பாளர்களாகச் சுட்டப்பெறுகின்றனர். தன் மந்தையில் எந்த ஆடு நொண்டுகிறது என்பதை அறியாத மேய்ப்பர் எதற்குப் பொறுப்பேற்க இயலும்? குழந்தையைப் பற்றிய உண்மை பள்ளியில் தங்கிவிடுமானால், அஃது உரியவரிடம் ஒப்படைக்கப்படாத அமானிதமாகிவிடுகிறது.

சட்டமும் நம் பள்ளிகளும்

நாட்டின் சட்டமும் இக்கடமையை வலியுறுத்துகிறது. மேற்சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோருடன் முறையாகக் கூட்டங்கள் நடத்தி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் பொறுப்பை ஆசிரியர்மீது சுமத்துகிறது. 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கப் பணிக்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். தமிழகத்தின் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் 2022-இலும் 2024-இலும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அரசுப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகளின் தாய்மார்கள் இக்குழுக்களில் இடம்பெறுதல் அவர்தம் உரிமை.

ஆயினும் சமுதாயம் நடத்தும் பள்ளிகளின் நிலை வேறு. 2014 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2025-இல் இருவர் அமர்வொன்று அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பியது. சட்டத்தின் போக்கு எதுவாயினும் நமக்கு ஒரு வினா உண்டு. நம் நிறுவனங்களின் தன்னுரிமையைக் காக்க அரசமைப்பின் 30-ஆம் பிரிவை முன்வைக்கும் நாம், அத்தன்னுரிமையைக் கொண்டு பெற்றோருக்கு மற்றப் பள்ளிகளைவிடக் குறைவாகத் தெரிவிப்பது முறையாகுமா? சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மார்க்கம் கட்டாயப்படுத்துகிறது என்றே நாம் கருதுகிறோம். நிருவாகிகள் தாமாகவே பெற்றோர் குழுவை அமைத்து, அதில் தாய்மாருக்கு உரிய இடம் அளித்தல் வேண்டும்.

எதனை, எவ்வாறு தெரிவிப்பது?

இன்று பள்ளிகள் அனுப்பும் செய்திகளுள் பெரும்பாலானவை கட்டணம், சீருடை, ஆண்டு விழா ஆகியவற்றைப் பற்றியவை. மதிப்பெண் அட்டையோ எண்களை மட்டும் காட்டுகிறது. நூற்றுக்கு அறுபத்திரண்டு என்பதிலிருந்து எதனைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு தாய் எவ்வாறு அறிவார்? மக்தபைப்போல் இடம் சொல்ல வேண்டும். 'எழுத்துகளை அறிகிறாள், கூட்டெழுத்தில் தடுமாறுகிறாள்', 'கூட்டல் வரும், இடமதிப்பு விளங்கவில்லை' என்பன போன்ற ஒற்றை வரிகளே போதும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்ப வகுக்கப்பட்டனர். இத்தகைய பிரிவு வீட்டிற்கும் தெரியும்போதுதான் முழுப்பயன் விளைகிறது. வருகை, படித்தல், கணக்கு என்னும் மூன்றைப் பற்றி மாதம் ஒருமுறை ஒவ்வொரு வரி எழுதுதல் ஆசிரியருக்குப் பெருஞ்சுமை ஆகாது.

அச்செய்தி பெறுவோர் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதினர். பெண்கள் படிக்கத்தக்க எழுத்து அதுவாக இருந்தது. செய்தி அதனைப் பெறுவோரைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் அறிவு அன்று இருந்தது. இன்றோ தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு ஆங்கிலத்தில் சுற்றறிக்கை செல்கிறது. சபராளிகளாகத் தந்தையர் வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் வாழும் ஊர்களில் நாள்தோறும் குழந்தையுடன் இருப்பவர் தாயே. எனினும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளது தந்தையின் தொலைபேசி எண்ணாகவே இருக்கிறது. அதனை மாற்றுதல் சிறிய செயல். அதன் பயன் பெரிது. தாய்மார் தயக்கமின்றி வந்து பேசத் தனிநேரம் ஒதுக்குதலும், வர இயலாதவர்க்குக் குரல்பதிவாகச் செய்தி அனுப்புதலும் இவ்வாறே.

இல்லம் செய்ய வேண்டுவது

செய்தி வந்து சேர்ந்தபின் வீட்டில் நிகழ்வதே முடிவைத் தீர்மானிக்கிறது. மாணவரிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்க்கும் ஒளித்தலுக்கும் பழகிவிடுவர் என்று அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில் எச்சரித்துள்ளார். பள்ளியிலிருந்து வரும் குறிப்பு அடியில் முடியுமானால், அடுத்த குறிப்பை மறைக்கவே குழந்தை கற்றுக்கொள்ளும். ஆசிரியரும் எழுதத் தயங்குவார். அத்துடன் அவ்வழி அடைபட்டுவிடும்.

ஏற்றவழி எளியது. நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். குழந்தை ஓதுவதைக் கேட்டே அதன் தடுமாற்றத்தை உணர்ந்து பழகிய செவிக்குத் தமிழ் வாசிப்பின் தடுமாற்றமும் தெரியும். திருமணங்களுக்காகவும் பெருநாளை ஒட்டியும் வேண்டியதற்கு மேல் விடுப்பு எடுப்பதைத் தவிர்க்கலாம். தொடக்க வகுப்பில் நான்கு நாள் தவறினால், அந்நான்கு நாளில் அறிமுகமான எழுத்துகளும் தவறிவிடுகின்றன.

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்ல வேண்டிய செய்தியும் உண்டு. ஃபஜ்ருடன் எழுந்து மக்தபு சென்று, பின்னர்ப் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி என அலையும் குழந்தை பிற்பகல் வகுப்பில் கண்ணயர்ந்தால், விவரம் அறியாத ஆசிரியர் அதனைச் சோம்பல் என்றே கொள்வார். தந்தை பயணம் புறப்பட்டமை, வீட்டில் நோய், கரும்பலகை தெளிவாகத் தெரியாமை ஆகியவற்றை ஆசிரியர் அறிந்திருந்தால் அவர் பார்வையே மாறும்.

இறுதியாக, இக்குழந்தையை நன்கறிந்த ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். மக்தபு உஸ்தாது அதன் நினைவாற்றலையும் நாவின் குறையையும் நாள்தோறும் காண்பவர். ஒரே தெருவில் இருந்தும் உஸ்தாதும் பள்ளியாசிரியரும் ஒருமுறையேனும் உரையாடியதில்லை என்னும் நிலை பல ஊர்களில் உள்ளது. ஜமாஅத் நிருவாகிகள் ஆண்டிற்கு இருமுறை இருவரையும் பெற்றோருடன் ஒன்றாக அமரச் செய்தால், மக்தபு, பள்ளி இரண்டின் நேரத்தையும் குழந்தையின் உறக்கம் கெடாதவாறு அமைக்கவும் வழி பிறக்கும்.

எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஆறாம் வகுப்பை எட்டிவிடும் ஒரு பிள்ளையின் இழப்பு ஒரே நாளில் நேர்வதன்று. ஐந்தாண்டுகள் ஒவ்வொரு மாதமும் ஒருவர் அறிந்திருந்தும் மற்றவருக்குச் சொல்லாது விட்டதனால், மற்றவர் கேளாது விட்டதனால் நேர்வது. 'எத்தனையாவது ஜுஸ்உ?' என்று கேட்கும் அதே அன்புடன், 'இன்று எந்தப் பாடம்? படித்துக் காட்டு' என்றும் நாம் கேட்கத் தொடங்குவோமாக.