கடை போர்டுக்கு மேலே என்ன இருக்கு? திருச்சி பழைய கட்டடங்களின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வையம்பட்டியில் பஸ் ஏறி, நகை எடுக்கவோ ஜவுளி எடுக்கவோ திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் போகிறோம். பெரிய கடை வீதியில் நம் கண் போவது போர்டுக்கும் ஆஃபருக்கும்தான். அடுத்தமுறை போர்டுக்கு மேலே கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. இப்படிப்பட்ட பழைய கடைத்தெருக்களில் கட்டடத்தின் வயது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எதையெல்லாம் பார்க்கணும்?

ஆண்டும் எழுத்தும்: மாடியின் கைப்பிடிச் சுவரில் கட்டிய ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் சுதையில் வடித்து வைப்பது அன்றைய வழக்கம். ஆண்டு அழிந்துபோயிருந்தால் எழுத்தைக் கவனிங்க. 'பிள்ளை' என்பதில் உள்ள 'ளை' யானைத் துதிக்கை போல வளைந்திருந்தால், அது பெரும்பாலும் 1978-க்கு முந்தையது. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது அந்த ஆண்டில்தான்.

ஓடு: மங்களூர் ஓட்டில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். இந்த வகை ஓட்டுக்கு மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். எனவே ஓடு அதற்கு முன்பு வந்திருக்க வாய்ப்பில்லை.

வாசல்படி: இப்போ ஷட்டர் இருக்கும் இடத்தில் அப்போது பலகைக் கதவு இருந்தது. பலகைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் உள்ள காடியில் தள்ளி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொரு பலகையிலும் எண் இருக்கும். பலகை போன பிறகும் படியில் அந்தக் காடி மிச்சமிருக்கலாம்.

ஏன் அழிகிறது?

இதற்காகக் கட்டடத்தை இடிக்க வேண்டியதே இல்லை. ஏ.சி.பி. ஷீட் மாட்ட டிரில் போட்டாலே சுண்ணாம்புச் சுதை பெயர்ந்துவிடும். விரிசலில் சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், உள்ளே தங்கும் ஈரம் பழைய பூச்சை உதிர்த்துவிடும்.

என்ன செய்யலாம்?

கடைக்காரர் போர்டை ஒரு அடி கீழே இறக்கி மாட்டினாலே ஆண்டும் பெயரும் தப்பிக்கும். பூச்சு வேலைக்கு சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பே போதும். நமக்கு இருக்கும் வேலை அதைவிட எளிது. போனை எடுத்து ஒரு போட்டோ, கூடவே தெருப் பெயரும் தேதியும். நாளைக்கே அந்தச் சுவர் ஷீட்டுக்குப் பின்னால் மறைந்தால், அங்கே என்ன இருந்தது என்பதற்கு உங்க போட்டோதான் சாட்சி.