சிறுவர் தொடர்ச்சித்திரம் ஒன்றின் கதைகூறும் உத்திகள்: 'அவதார்' தொடரை முன்வைத்து ஒரு நோக்கு

சிறுவருக்கென ஆக்கப்படும் அசைவூட்டச் சித்திரங்களை, அதாவது பொதுவழக்கிற் காட்டூன் எனப்படுவனவற்றை, ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப் பலர் தயங்குவர். அவை பொழுதுபோக்கிற்கானவை, குழந்தைப் பருவத்தோடு கழிந்து போவன என்பதே பொதுவான எண்ணம். ஆயின் போர், அரசு, வீரம், மன்னிப்பு ஆகியன பற்றிய முதற் கருத்துக்களை இன்றைய பிள்ளைகள் பலர் இத்தகைய கதைகளிலிருந்தே பெறுகின்றனர். கதை என்ன கூறுகின்றது என்பது மட்டுமன்றி, எவ்வாறு கூறுகின்றது என்பதும் அக்கருத்துக்களை உருவாக்குகின்றது. எனவே கதைகூறும் உத்தி என்பது கதைக்குப் புறத்தே பூசப்படும் அலங்காரமன்று. அது உலகை நோக்கும் ஒரு முறையுமாகும். இக்கூற்றைத் தக்க எடுத்துக்காட்டொன்றின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி தொடங்கி, 2008ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி நிறைவெய்திய 'அவதார்: த லாஸ்ற் எயார்பெண்டர்' என்னும் தொடர் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. மைக்கல் டன்ரே டிமார்ட்டினோ, பிறையன் கொனியெற்ஸ்கோ ஆகிய இருவர் இதனைத் தோற்றுவித்தனர். நீர், நிலம், தீ என்னும் பெயர்களைக் கொண்ட மூன்று 'நூல்'களாகவும், 61 அத்தியாயங்களாகவும் இது வகுக்கப்பட்டுள்ளது. 'அவதாரம்' என்னும் சொல் நமக்கு நன்கு பழக்கமானதே. எனினும் இத்தொடரில் அது இறைவன் மண்ணுக்கு இறங்கி வருதலைக் குறிக்கவில்லை. பிறவிதோறும் மீண்டும் பிறந்து, நான்கு பூதங்களையும் வசப்படுத்தும் ஆற்றல் பெற்று, நான்கு மக்கட் கூட்டத்தாரிடையே சமநிலை பேணும் மனிதர் ஒருவரையே குறிக்கின்றது.

கதைக்கரு எளிமையானது. தீ நாடு ஏனைய நாடுகள்மீது நூறு ஆண்டுகளாகப் படையெடுத்து வருகின்றது. வளியை வசப்படுத்தும் நாடோடித் துறவியர் முற்றாக அழிக்கப்பட்டுவிட்டனர். அவர்களுள் எஞ்சிய ஒரே சிறுவனான ஆங் என்பவனே அவதாரம். பனிப்பாறையொன்றினுள் உறைந்து கிடந்த அவனைத் தென்துருவ நீர்க்குலத்தைச் சேர்ந்த கட்டாரா, சொக்கா என்னும் உடன்பிறந்தார் இருவர் கண்டெடுக்கின்றனர். அவன் ஏனைய மூன்று பூதங்களையும் கற்றுத் தேர்ந்து தீ நாட்டு மன்னன் ஒசாயை எதிர்கொள்வதே கதை. இக்கருவை 61 அத்தியாயங்களுக்கு விரித்துச் செல்லும் உத்திகளுள் ஐந்தினை இனி நோக்கலாம்.

1. உறைந்த காலமும் விதித்த கெடுவும்

நெடுந்துயில் கொண்ட ஒருவன் மாறிவிட்ட உலகில் விழித்தெழுதல் பல நாட்டுக் கதைகளிலும் காணப்படும் பழைய உத்தியாகும். இங்கு அது இரு பணிகளைச் செய்கின்றது. முதலாவதாக, ஆங் இவ்வுலகிற்குப் புதியவனாகிறான். அவன் அறியும்போதே பார்வையாளரும் அறிகின்றனர். இரண்டாவதாக, போர் என்பது இயற்கையான நிலையன்று என்பதை அது உணர்த்துகின்றது. கட்டாராவுக்கும் சொக்காவுக்கும் போரற்ற காலம் எதுவெனத் தெரியாது. ஆங்கிற்கோ அது நேற்றைய நாள். தீ நாட்டிலும் அவனுக்கு நண்பர் இருந்தனர். போர் ஒரு நாளில் தொடங்கியது. அதனைத் தொடங்கியோர் மனிதர் என்னும் வரலாற்றுணர்வு இவ்வுத்தியினாலேயே கிடைக்கின்றது.

இதனோடு ஒரு கெடுவும் இணைக்கப்படுகின்றது. கோடை முடிவில் வரவிருக்கும் வால்வெள்ளி தீயை வசப்படுத்துவோரின் வலிமையைப் பன்மடங்காக்கும். அதற்கு முன்னர் ஆங் தன் கல்வியை முடித்தாகல் வேண்டும். தனித்தனி நிகழ்ச்சிகளாகத் தோன்றும் அத்தியாயங்களைக் கட்டி நிற்கும் நூல் இக்கெடுவே. நூறாண்டுகளுக்கு முன்னர் வளி நாடோடிகளை அழிக்கத் துணை நின்றதும் அதே வால்வெள்ளியாதலின், தடுக்காவிடின் வரலாறு மீளக்கூடும் என்னும் அச்சமும் அதனுள் அடங்கியுள்ளது.

2. பயணமும் கிளைக்கதைகளும்

1928ஆம் ஆண்டில் உருசிய ஆய்வாளர் விளாடிமிர் புறொப் நாட்டார் கதைகளின் அமைப்பை ஆராய்ந்து, வீட்டை நீங்குதல், சோதனைக்குள்ளாதல், துணை பெறுதல், மீளுதல் முதலாகிய 31 செயற்பாடுகளை வகுத்துக் காட்டினார். அவற்றுட் பலவற்றை இத்தொடரிலும் எளிதில் இனங்காணலாம். ஆயின் பட்டியலிடுவதோடு ஆய்வு முடிந்துவிடாது. அப்பழைய சட்டகத்தினுள் எத்தகைய சமூக அனுபவம் பெய்யப்பட்டுள்ளது என்பதே வினா.

ஆங்கும் அவன் தோழரும் செல்லுமிடமெல்லாம் போரின் வெவ்வேறு முகங்களைக் காண்கின்றனர். ஓரிடத்தில், நிலத்தை வசப்படுத்துவோர் மண்ணே இல்லாத கடல்நடு இரும்புச் சிறையில் அடைக்கப்பட்டுள்ளனர். இன்னோரிடத்தில், தீ நாட்டின் ஆயுதத் தொழிற்சாலை அந்நாட்டு மக்களே வாழும் ஆற்றூர் ஒன்றை நஞ்சாக்குகின்றது. பா சிங் சே என்னும் மதில்சூழ் மாநகரில் போர் பற்றிப் பேசுவதே குற்றம். இரகசியக் காவலர் மக்களின் நினைவையே மாற்றிவிடுகின்றனர். ஒடுக்குமுறை பகைநாட்டிலிருந்து மட்டும் வருவதன்று என்பதை இவ்விறுதிக் கிளைக்கதை உணர்த்துகின்றது.

இவற்றுள் 'ஜெற்' என்னும் அத்தியாயம் தனியே மனங்கொள்ளத்தக்கது. தீ நாட்டுப் படையால் பெற்றோரை இழந்த ஜெற் என்னும் இளைஞன், காட்டில் வாழும் சிறுவர் கூட்டமொன்றுக்குத் தலைவன். அவன் துணிவும் கவர்ச்சியும் உடையவன். அவன் அடைந்த இழப்பும் உண்மையானது. ஆயின் படையினரை விரட்டுவதற்காக அணையை உடைத்து, தன் நாட்டுப் பொதுமக்களும் வாழும் ஊரை மூழ்கடிக்க அவன் துணிகின்றான். சொக்கா முன்கூட்டியே எச்சரித்தமையால் ஊரவர் உயிர் தப்புகின்றனர். நீதியான சினம் நீதியற்ற செயலாக மாறும் எல்லை எது என்னும் கடினமான வினாவை இருபது நிமிடங்களுக்குச் சற்று மிகுந்த ஒரு சிறுவர் சித்திரம் எழுப்புகின்றது. கிளைக்கதை என்னும் உத்தி இங்கு வெறும் நீட்சியாக அமையாமல், மையக்கதை தாங்கவியலாத வினாக்களைத் தாங்குமிடமாக அமைகின்றது.

3. இணைக்கதையும் பின்னோக்கும்

தொடரின் மிகச் சிறந்த உத்தி, பகைவனின் கதையைத் தலைவனின் கதைக்கு இணையாக நடத்திச் செல்வதாகும். ஒசாயின் மகனான சூக்கோ தொடக்கத்தில் ஆங்கைத் துரத்தும் வெறும் பகைவனாகவே தோன்றுகின்றான். அவன் முகத்திலுள்ள தீத்தழும்பு கொடுமையின் அடையாளம் போலவே முதலிற் காட்டப்படுகின்றது. முதல் நூலின் பன்னிரண்டாம் அத்தியாயமான 'புயல்' இந்நோக்கை மாற்றுகின்றது. அதில் இரு பின்னோக்குக் கதைகள் மாறிமாறிக் கூறப்படுகின்றன. ஒன்று, பொறுப்பிற்கு அஞ்சி ஆங் தன் மடத்தைவிட்டு ஓடிய கதை. மற்றது, புதிதாய்ப் படையிற் சேர்ந்த இளைஞரைப் பலியிடும் திட்டத்தைச் சூக்கோ எதிர்த்துப் பேசியமையும், அதற்காகத் தந்தையே அவன் முகத்தைச் சுட்டு நாடு கடத்தியமையுமான கதை. கொடுமையின் அடையாளமாகத் தோன்றிய தழும்பு, கொடுமைக்கு ஆளானமையின் அடையாளமாக மாறிவிடுகின்றது.

பகைவன் பிறப்பதில்லை; உருவாக்கப்படுகின்றான் என்னும் கருத்து இங்கு உரையாக அன்றி அமைப்பாகவே வெளிப்படுகின்றது. எனினும் அவனுடைய மனமாற்றம் எளிதாக்கப்படவில்லை. இரண்டாம் நூலில் 'தனியே சூக்கோ' என்னும் அத்தியாயத்தில் அவன் ஓர் ஊரைக் காக்கின்றான். ஆயின் தான் யாரென்பதை அறிவித்த கணமே அவ்வூர் அவனை வெறுத்தொதுக்குகின்றது. ஒரு நற்செயல் ஒரு பேரரசின் குற்றத்தைக் கழுவிவிடாது. அந்நூலின் இறுதியில் அவன் தனக்குத் தந்தை போன்றிருந்த பெரிய தந்தையான ஐரோவையே கைவிட்டுப் பழைய பக்கம் மீளுகின்றான். மூன்றாம் நூலின் நடுப்பகுதியிலேதான், போர் என்பது தமது பெருமையைப் பிறரோடு பகிரும் செயல் எனத் தமக்குக் கற்பிக்கப்பட்டது பொய்யென்பதைத் தந்தையின் முகத்துக்கெதிரே கூறி வெளியேறுகின்றான். அதன் பின்னரும் கட்டாரா அவனை உடனே ஏற்கவில்லை. தன் தாயைக் கொன்றவனைத் தேடிச்சென்று கண்டபின் அவள் அவனைக் கொல்லவுமில்லை, மன்னிக்கவுமில்லை. சூக்கோவை மாத்திரம் மன்னிக்கின்றாள். மன்னிப்புக் கேட்போரால் பெறப்படும் உரிமையன்று. இழந்தோர் தாமாக அளிப்பது என்னும் நுண்மை இங்கு பேணப்படுகின்றது.

4. நகையும் நாடகத்துள் நாடகமும்

கோவா வணிகர் ஒருவர் தொடரில் இடைக்கிடை தோன்றுகின்றார். தலைவர்களின் சாகசத்தில் அவருடைய வண்டி பலமுறை நொறுங்குகின்றது, அவர் அலறுகின்றார், நாம் சிரிக்கின்றோம். மீளவரும் நகை என்னும் எளிய உத்தியே இது. எனினும் வீரச்செயல்களின் செலவைக் கொடுப்போர் யார் என்பதும் அச்சிரிப்பினூடே தெரிகின்றது.

இறுதி அத்தியாயங்களுக்கு முந்திய அத்தியாயத்தில் இவ்வுத்தி ஆழமாகின்றது. மாறுவேடத்தில் இருக்கும் தலைவர்கள், தம்மைப் பற்றியே தீ நாட்டுக் குழுவொன்று நடிக்கும் நாடகத்தைக் காண்கின்றனர். முன்கதைச் சுருக்கமும் சுய எள்ளலும் ஒருங்கே நிகழ்கின்றன. ஆனால் அந்நாடகம் ஆங்கின் சாவுடனும் ஒசாயின் வெற்றியுடனும் முடிய, அரங்கம் ஆரவாரிக்கின்றது. சிரித்துக்கொண்டிருந்தோர் அமைதியாகின்றனர். இதே நூலில் ஆங் தீ நாட்டுப் பள்ளியொன்றில் அமரும் காட்சியை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அங்கு வளி நாடோடிகளின் படை தோற்கடிக்கப்பட்டதாகக் கற்பிக்கப்படுகின்றது. அவர்களிடம் படையே இருக்கவில்லை என்பது அவர்களுள் எஞ்சிய ஒருவனுக்குத் தெரியும். பாடநூலும் அரங்கும் ஆட்சியின் கருவிகளாகலாம் என்பதை, அதே வகையான ஒரு கதைக்கலையே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கின்றது.

5. எதிர்பாராத் துணையும் முடிவும்

இனி முடிவை நோக்குவோம். ஒசாயைக் கொல்வதா என்னும் சிக்கல் உரிய முறையில் வளர்க்கப்பட்டுள்ளது. கொல்லாமை அழிந்துபோன தன் மக்களின் அறம்; அதனைக் கைவிடின் அம்மக்களின் இறுதிச் சுவடும் அழியும். தோழரும் முற்பிறவி அவதாரங்களும் உறுதியான செயலையே வேண்டுகின்றனர். வளி நாடோடியாகப் பிறந்த முற்பிறவியே, உலகத்தின் பொருட்டுத் தன் சொந்த அறத்தை ஒதுக்கிவைக்குமாறு கூறுகின்றது. இவ்வளவு கடினமாகப் பின்னப்பட்ட முடிச்சை, இறுதி அத்தியாயங்களில் திடீரெனத் தோன்றும் சிங்க ஆமை என்னும் தொன்மையான உயிரி அவிழ்த்துவிடுகின்றது. ஒருவரின் ஆற்றலைப் பறிக்கும் வித்தையை அது ஆங்கிற்கு அளிக்கின்றது; ஒசாய் உயிருடன் வலுவிழக்கின்றான். கதையின் அவிழ்ப்புக் கதையினுள்ளிருந்தே பிறத்தல் வேண்டும் எனக் கூறிய அரிஸ்டோட்டில், 'மெடியா' நாடகத்தின் முடிவை இக்குறைக்காகவே கண்டித்தார். அக்கண்டனம் இங்கும் பொருந்தும்.

ஆயின் இது வெறும் அமைப்புக்குறை மட்டுமன்று. அறுபது அத்தியாயங்களாகப் போரை ஒரு சமூக ஒழுங்காகக் காட்டி வந்த தொடர், இறுதியில் அதனை ஒரு மன்னனின் தீமையாகச் சுருக்கிவிடுகின்றது. ஒசாய் வீழ்கின்றான், சூக்கோ முடி சூடுகின்றான், போர் முடிந்தது. தொழிற்சாலைகள், படைத்தலைவர், பொய் கற்பித்த பள்ளிகள், கைப்பற்றிய நிலத்தில் தலைமுறைகளாக வாழும் குடியேறியோர் ஆகியோருக்கு என்ன நிகழ்ந்தது? தொடர் இவ்வினாவை முற்றாக அறியாததன்று. தானே ஒசாயைக் கொன்றால் அது அரசுக்காக அண்ணன் தம்பியைக் கொன்ற கதையாகவே வரலாற்றில் நிற்கும் என ஐரோ மறுப்பது இதற்குச் சான்று. ஆனால் விடை மீண்டும் ஒரு நல்ல அரசனாகவே அமைகின்றது. குடியேற்றங்கள் பற்றிய சிக்கலை, 2012இல் வெளிவந்த 'வாக்குறுதி' என்னும் தொடர்ச்சியான சித்திரக்கதையே கையிலெடுக்க நேர்ந்தது. முடிவு விட்டுச்சென்ற இடைவெளியை அத்தொடர்ச்சியே ஒப்புக்கொள்கின்றது எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். பழைய உத்திகள் பழைமையானவை என்பதனாலேயே பிற்போக்கானவை அல்ல. நெடுந்துயில் போரின் தொடக்கத்தை நினைவூட்டியது. கிளைக்கதை ஒடுக்குமுறையின் பல முகங்களைக் காட்டியது. இணைக்கதை பகைவன் உருவாகும் முறையை விளக்கியது. அதே வேளை, எதிர்பாராத் துணை என்னும் உத்தி, மனிதர் கூடித் தீர்க்கவேண்டிய சிக்கலை அற்புதத்திடம் ஒப்படைத்தது. ஆகவே ஓர் உத்தி எந்த இடத்தில், யாருடைய வினாவைத் திறப்பதற்கு அல்லது மூடுவதற்குப் பயன்படுகின்றது என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டியது.

இத்தொடரைக் காணும் பிள்ளை, தீய மன்னன் வீழ்ந்தான் என மகிழ்ந்து உறங்கச் செல்லலாம். அல்லது, அந்தப் பள்ளிக்கூடத்தில் மறுநாட் காலை ஆசிரியர் என்ன கற்பித்தார் என வினவலாம். அவ்வினாவைக் கேட்கும் ஆற்றலை அப்பிள்ளைக்கு அளித்ததும் இத்தொடரின் உத்திகளே. அதனாலேயே இது மெச்சத்தக்கது. அதனாலேயே இதன் முடிவு நம்மை நிறைவு செய்யவில்லை.