ரத்தம் உறையாதவருக்குப் பெருந்தமனி சிகிச்சை எப்படி?

இதயத்திலிருந்து கிளம்பி வயிறு வரைக்கும் இறங்குற பெரிய ரத்தக்குழாய்தான் பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. வயசானப்புறம் சிலருக்கு அதோட சுவர் பலவீனமாகி, சைக்கிள் ட்யூப் ஒரு இடத்துல புடைக்கிற மாதிரி வீங்கிடும். இதுதான் அனியூரிசம். பெரும்பாலும் வலியே இருக்காது. ஆனா வெடிச்சா பிழைக்கிறது கஷ்டம். அதனால ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொட்டாலே சிகிச்சையைப் பத்திப் பேசுவாங்க.

சரி, அந்த நோயாளிக்கு ஹீமோஃபீலியா ஏ இருந்தா? ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அவர் உடம்பில் போதுமான அளவு இல்லை. கத்தி வைக்கவே யோசிக்கணும். முன்பு ஹீமோஃபீலியா உள்ளவர்கள் முதுமையைப் பார்ப்பதே அரிது. இப்போ மருந்துகளால ஆயுள் கூடியிருக்கு. முதுமையின் நோய்களும் கூடவே வருது.

வழி இருக்கு. முதல்ல ஃபேக்டர் 8-ஐ நரம்பு வழியா ஏத்தி, மத்தவங்களுக்கு இருக்கிற அளவுக்குக் கொண்டு வருவாங்க. அப்புறம், வீக்கத்தோட அமைப்பு இடம் கொடுத்தா, வயிற்றைத் திறக்காம தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியா துணி போர்த்திய ஸ்டென்ட்டை அனுப்பி உள்ளே விரிப்பாங்க. 1990-ல் அர்ஜென்டினாவில் யுவான் பரோடி செய்து காட்டிய முறை இது.

இதில் ஒரு முரண். உறைய வைக்கிற மருந்து ஏத்தின அதே ஆளுக்கு, ஸ்டென்ட் வைக்கும்போது ரத்தம் கட்டாம இருக்க ஹெப்பாரினும் கொடுப்பாங்க. ஹெப்பாரின் சில மணி நேரத்தில் அடங்கிடும். ஏத்தின ஃபேக்டர் 8-ம் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிடும். அதனால ஆபரேஷனுக்குப் பிறகும் பல நாள் அளந்து அளந்து ஏத்தணும்.

ரத்தநோய் நிபுணரும் அறுவை மருத்துவரும் முன்கூட்டியே சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது நடக்கும். ஆகவே வீட்டில் யாருக்காவது ரத்தக் கோளாறு இருந்தா, டாக்டரிடம் முதல் நாளே சொல்லிடுங்க.