தாழ்ப்பாள் என்ன விலை?

தி.நகரில் மனைவி சுடிதார் போட்டுப் பார்க்க, டிரையல் ரூம் வாசலில் நாலு பைகளோடு தேவுடு காத்துக்கொண்டிருந்தேன். (கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அது தனி யோகாசனம்!)

எனக்கு முன்னால் ஒருவர். என் வயசுதான் இருக்கும். பேன்ட், சட்டை, கண்ணில் லேசாக மை, கையில் பச்சை சுடிதார்.

'சார், ஜென்ட்ஸ் அந்தப் பக்கம்' என்றாள் சேல்ஸ் பெண். போனார். அங்கே ஜீன்ஸோடு நின்ற பையன்கள் சிரித்தார்கள். நிஜத்தைச் சொன்னால், எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

மனுஷர் போட்டுப் பார்க்காமலே பில் போட்டார். பில்லின் அடியில், 'விற்ற பொருள் வாபஸ் இல்லை'. என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. அளவு தப்பினால் முழு நஷ்டம். சிரிப்பு போயே போச்சு.

திருநர்களிடம் கடைகளில் பாகுபாடு கூடாதென்று 2019-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனால், பெண் உடைக்கு ஆசைப்படும் ஆணின் பெயர் அதன் விளக்கத்தில் இல்லை.

மனைவியிடம் சொன்னேன்.

'பக்கத்து ரூம்ல ஆம்பளைன்னா எனக்கும் பயம்தாங்க. கதவுக்கு மேலயும் கீழயும் சந்து. தாழ்ப்பாள் வேற ஆடுது. தரைவரைக்கும் கதவு, ஒழுங்கா ஒரு தாழ்ப்பாள் இருந்தா, பக்கத்துல யார் இருந்தா எனக்கென்ன?'

முதலாளி சார், ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்?