கண்மாய்க் கரையில் சூரியோதயம்

சூரியோதயங் காண மலையேற வேண்டுவதில்லை. இராமநாதபுரம் ஜில்லாவில் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயின் கரைமீது வைகறையில் நடப்போமாயின் அதுவே போதும். இந்நாடு கீழ்க்கடலை நோக்கி மெல்லச் சரியும் சமபூமி. அதனால் மூன்று பயன்கள் விளைகின்றன: நடை நம்மை வருத்துவதில்லை, குன்றுகள் மறைக்காமையின் கதிரவன் அடிவானத்தினின்றே எழக் காண்கிறோம், கரை தடுத்த நீர் ஆழமின்றி வெகுதூரம் பரவி அவ்வொளியை ஏந்துகின்றது. நாரையும் ஒரே மூச்சிற் பறந்து கடக்கமாட்டாத 48 மடைக் கண்மாய் என்று ஜனங்கள் இதனைப் புகழ்வர்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்வரும் மார்கழி, தை மாதங்களே தக்க காலம். கோடையில் நீர் பெரும்பாலும் வற்றிவிடும். ஆழமற்ற நீர்நிலையை வண்டல் விரைவில் தூர்த்துவிடும். முன்னோர் மண் சுமந்து எழுப்பிய கரையும் மடையும் பழுதுபட்டால் பயிரும் பறவையும் இக்காட்சியும் ஒருங்கே மறையும். ஆதலின், உதயங் காணச் செல்லும் நாம் கரையைக் காப்பதும் நம் கடமையெனக் கொள்வோமாக.